பூட்டுப் பெட்டித் தீர்மானம்

எங்கள் ஊர்க்கூட்டத்தில் ஒரு விதி உண்டு. எழுந்து பேசுகிறவர் யாராக இருந்தாலும் அவைத் தலைவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவனைப் பார்த்துப் பேசக் கூடாது. கட்டிய புருஷனாகவே இருந்தாலும் 'நீ' என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வரக் கூடாது. டன்னிங் ஹாலோ என்ற எங்கள் ஊருக்கு அவைத் தலைவர் நான்தான். வருடா வருடம் வேறு யாரும் முன்வராததால் என்னையே தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆக, இந்த ஊரில் ஒருவர் இன்னொருவரைத் திட்டும் திட்டெல்லாம் முதலில் என் முகத்தில் விழுந்துவிட்டு அப்புறம்தான் உரியவருக்குப் போய்ச் சேரும்.

மற்ற நாட்களில் நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். இரண்டு வேலைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பேருந்தில் சத்தம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

கூட்டம் மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை. வெர்மான்ட் மாநிலத்தில் அதைவிடக் கேடுகெட்ட நாள் ஒன்றைத் தேடினாலும் கிடைக்காது. பனி பாதி உருகி, சாலையெல்லாம் முழங்கால் சேறு. மேப்பிள் மரங்களில் இனிப்பு நீர் வடிய ஆரம்பித்திருக்கும். பாகு காய்ச்சுகிறவர்கள் அடுப்பை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, எப்போது விடுவீர்கள் என்று என்னை முறைத்துக்கொண்டிருப்பார்கள். ஆனாலும் வராமல் இருக்க மாட்டார்கள். வராமல் இருந்தால் தங்களைப் பற்றி என்ன பேசினார்கள் என்று தெரியாமல் போய்விடுமே!

நான் சொல்ல வந்த வருடத்துக் கூட்டத்தன்று காலை, கூட்டம் நடக்கும் மன்றத்துப் படிக்கட்டில் நான் பூட்ஸ் சேற்றை வழித்துக்கொண்டிருந்தபோது ஹெஸ்டர் வில்காக்ஸ் வந்து பக்கத்தில் நின்றாள். ஊர் நூலகம் அவள் பொறுப்பு. பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்குத் தோழி.

"தெல்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். தலைவரம்மாகிட்ட இல்ல, உன்கிட்ட."

"சீக்கிரம் சொல்லு. உள்ள போயிட்டா நீ யாரோ, நான் யாரோ."

"என் தீர்மானம் தோத்துச்சுன்னா நான் வீட்டுக்குப் போகப்போறதில்ல. நேரா பர்லிங்டன் போயி கோரினோட இருந்துடுவேன்."

கோரின் அவளுடைய மகள்.

"எத்தன நாளைக்கு?" என்றேன்.

"நாள் கணக்கெல்லாம் இல்ல, தெல்மா."

விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று சிரிக்கப்போனேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

விஷயம் இதுதான். முந்தின வருடம் இலையுதிர் காலத்தில், அவளும் அவள் புருஷன் வெண்டலும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரத்தில் வீட்டுக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். போனதென்னவோ வெண்டலின் வலி மாத்திரைகளும் ஒரு பழைய ரேடியோவும்தான். ஆனால் மெத்தையைப் புரட்டிப் போட்டிருந்தார்கள். அடுக்களையில் உட்கார்ந்து மிச்சமிருந்த இறைச்சிக் குழம்பைத் தின்றுவிட்டுப் போயிருந்தார்கள். அந்தக் குழம்புதான் வெண்டலை உடைத்துவிட்டது. தன் தட்டில், தன் கரண்டியால்! மறுவாரமே ஒரு கைத்துப்பாக்கி வாங்கினான். மான் வேட்டைக்கு வைத்திருந்த துப்பாக்கிகள் அலமாரியில் பூட்டித்தான் கிடந்தன. இது அப்படியில்லை. குண்டு போட்டபடி பகலில் கம்பளிச் சட்டையின் பையில் இருக்கும், இரவில் தலைமாட்டில் இருக்கும். குளிக்கப் போனால் வாஷ்பேசின் மேல் இருக்கும்.

ஹெஸ்டர் கெஞ்சினாள், சண்டை போட்டாள், பேசாமல் இருந்து பார்த்தாள். விரல் வைத்தால் திறக்கிற ஒரு பூட்டுப் பெட்டி வாங்கி வந்து கட்டிலில் வைத்தாள். வெண்டல் அதில் தன் காலுறைகளைப் போட்டுப் பூட்டினான். வீட்டில் சொன்னால் கேட்காதவன் ஊர் சொன்னால் கேட்பான் என்று அவள் தீர்மானம் எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கக் கிளம்பினாள். முதலில் கேட்டது புருஷனிடம். அவன் பேனாவை வாங்கித் தன் பையில் செருகிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டான்.

இதெல்லாம் ஊருக்கே தெரிந்த கதை. அவள் பிரிந்து போகிற அளவுக்கு வந்துவிட்டாள் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அந்தப் படிக்கட்டில்தான் எனக்கே தெரிந்தது. தெரிந்து நான் என்ன செய்ய? தலைவர் யார் பக்கமும் சாயக் கூடாது.

காலை முழுக்கச் சாலை போடும் இயந்திரத்தைப் பற்றிச் சண்டை. மதியம் ஆளுக்கொரு சட்டி கொண்டுவந்திருந்ததைப் பங்கிட்டுச் சாப்பிட்டோம். வயிறு நிறைந்து எல்லோருக்கும் கண் சொருகும் நேரத்தில் ஹெஸ்டரின் தீர்மானம் வந்தது. நான் எழுந்து படித்தேன்: ஊரில் துப்பாக்கி வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டாரும் அதிலிருந்து குண்டை எடுத்துவிட்டுப் பூட்டி வைக்க வேண்டும் என்று இந்தக் கூட்டம் கேட்டுக்கொள்கிறது.

கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். அதற்குமேல் சொல்ல ஊருக்கு அதிகாரம் கிடையாது. மாநிலச் சட்டம் விடாது. ஆனாலும் கண் சொருகியவர்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஹெஸ்டர் எழுந்தாள். பெயரையும் தெருவையும் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும், ஊருக்கே தெரிந்த ஆளாக இருந்தாலும்.

"தலைவரம்மா, ஹெஸ்டர் வில்காக்ஸ், குவாரி ரோடு. யார்கிட்டயிருந்தும் எதையும் புடுங்கணும்னு நான் சொல்லல. எங்கப்பா வச்சிருந்தாரு, எங்கண்ணன் வச்சிருக்கான், நானே மான் சுட்டிருக்கேன். ஆனா ஒரு பொருள வீட்டுக்குக் காவலுன்னு வாங்கிட்டு, அதுகிட்டயிருந்து வீட்டுல இருக்கறவங்க தப்பிச்சுப் பொழைக்க வேண்டியிருந்தா அது என்ன காவல்? என் பேரன் வந்தா நான் சோபா மெத்தைக்கு அடியில கையவிட்டுத் தேடிப் பாத்துட்டுத்தான் அவன உக்கார விடுறேன். பூட்டி வைங்க. அவ்வளவுதான் கேக்கறேன்."

இரண்டு வரிசை தள்ளி வெண்டல் எழுந்தான். கிரானைட் குவாரியில் இயந்திரம் பழுது பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது நான்கைந்து மாடு வைத்திருக்கிறான். குரல் இன்னும் குவாரியில் இருப்பது போலவே இருக்கும்.

"தலைவரம்மா, வெண்டல் வில்காக்ஸ், அதே குவாரி ரோடு, அதே வீடு."

சிரிப்பு எழுந்தது. நான் மேசை மேலிருந்த மரச் சுத்தியலைத் தட்டினேன்.

"இப்ப பேசினாங்களே அந்தம்மா, அவங்ககிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. திருடன் வரும்போது 'கொஞ்சம் பொறுத்துக்கப்பா, பெட்டியத் தொறந்துக்கறேன்'னு அவன்கிட்ட சொல்லணுமா? காபி போட்டுக் குடுத்துட்டுத் தொறக்கணுமா?"

"தலைவரம்மா," என்றாள் ஹெஸ்டர் உட்கார்ந்தபடியே, "அந்தாளுக்குக் காபி போடத் தெரியாதுன்னு சொல்லுங்க."

"உக்காந்துகிட்டு பேசக் கூடாது," என்றேன்.

பால்பண்ணைக்கார மெர்ல் ஃபிஸ்க் பின்வரிசையிலிருந்து கை தூக்கினான். "தலைவரம்மா, மெர்ல் ஃபிஸ்க், ரிவர் ரோடு. இந்தக் குடும்பத்துல ஒருத்தர் கையிலயும் துப்பாக்கி இருக்கக் கூடாதுன்னு ஒரு திருத்தம் கொண்டு வரலாமா?"

மன்றம் அதிர்ந்தது. வெண்டல்கூடச் சிரித்தான். ஹெஸ்டர் சிரிக்கவில்லை.

அப்புறம் ஆளாளுக்குப் பேசினார்கள். "இன்னைக்கு கேட்டுக்கறோம்பாங்க, நாளைக்கு வீட்டுல எத்தன துப்பாக்கின்னு எண்ண வருவாங்க" என்றான் ஒருவன். "என் அக்கா பையன் இப்படித்தான் போனான்" என்று சொல்ல ஆரம்பித்த ஒருத்தி, அதற்குமேல் முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். நான் ஒவ்வொருவரையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஹெஸ்டர் பக்கம் காற்று அடிப்பதாகவே எனக்குத் தோன்றியது. உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அந்த நேரத்தில் ரோவீனா பார்க்ஹர்ஸ்ட் எழுந்தாள். மலைச்சரிவில் தனியாக ஆடு வளர்க்கிறவள். ஊர்க்கூட்டத்தில் அவள் வாய் திறந்து நான் பார்த்ததேயில்லை.

"தலைவரம்மா, ரோவீனா பார்க்ஹர்ஸ்ட், ஸ்டோனி பிராஞ்ச் ரோடு." செருமிக்கொண்டாள். "என் முன்னாள் புருஷன உங்க எல்லாருக்கும் தெரியும். ஒருநாள் கோடாலிக் காம்போட வந்தான். நான் ஷெரிஃபுக்கு ஃபோன் பண்ணேன். பாலத்துகிட்ட மரம் விழுந்து கெடக்கு, சுத்திக்கிட்டுதான் வரணும்னாங்க. அதுக்குள்ள கதவுல ஒரு கீலு பேந்துடுச்சு."

கீல் இருந்த உயரத்தைக் கையால் காட்டினாள்.

"நான் மாடிப்படியில உக்காந்து, கதவுக் கண்ணாடி வழியா அவனுக்குத் தெரியற மாதிரி துப்பாக்கியப் புடிச்சேன். சுடல. கத்தல. அவன் பாத்தான். ரொம்ப நேரம் பாத்துட்டு, வாசப்படியில உக்காந்துட்டான். அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். ஷெரிஃப் ஆளுங்க வர்ற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தோம். என் கை மரத்துப்போச்சு. ஆனா எறக்கல. அது பெட்டிக்குள்ள இருந்திருந்தா, பெட்டியும் கையுமாத்தான் என்னக் கண்டுபுடிச்சிருப்பீங்க. ஹெஸ்டர் நல்லவ. இருந்தாலும் நான் எதிர்த்துதான் போடப்போறேன்."

அவள் உட்கார்ந்தாள். தினமும் அவள் வீட்டைத் தாண்டித்தான் பேருந்து ஓட்டுகிறேன். அந்தக் கதவில் புதுக்கீல் பளபளத்ததைப் பார்த்திருக்கிறேன். பழுது பார்த்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறேன். இப்படி ஒரு தைரியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று மலைத்துப்போனேன்.

தீர்மானம் தோற்றுவிட்டது. வாக்கெடுக்காமலேயே தெரிந்தது. ஹெஸ்டரும் அதைப் புரிந்துகொண்டாள். கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வெண்டல் பக்கத்தில் இருந்தவர்கள் அவன் தோளைத் தட்டினார்கள்.

"வேற யாராவது பேசணுமா?" என்றேன்.

வாக்குக்கு விடலாம் என்று வாயைத் திறந்தேன். வெண்டல் எழுந்தான்.

எதற்கு எழுந்தான் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அவன் ஜெயித்தாகிவிட்டது. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

"தலைவரம்மா. வெண்டல் வில்காக்ஸ், குவாரி ரோடு." இந்தத் தடவை அந்தக் குவாரிக் குரல் இல்லை. "எல்லாரும் ஒரு தடவ பேசி முடிச்சாச்சுன்னா ரெண்டாந்தடவ பேசலாம்தானே?"

"பேசலாம்."

"நான் உங்களப் பாத்துதானே பேசணும்?"

"என்னப் பாத்துதான் பேசணும்."

"நல்லதாப் போச்சு," என்றான்.

அப்புறம் என் கண்ணைப் பார்த்தான். பேசி முடிக்கும்வரை அங்கிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"ஜனவரியில பெரிய பனி பேஞ்சு கரன்ட் போச்சே, அன்னைக்கு. மத்தியானம்தான். ஆனா ஜன்னல் பூரா பனி அப்பி வீடு இருட்டாக் கெடந்துச்சு. ரோடு சரியில்ல, லைப்ரரியிலயே தங்கிக்கறேன்னு என் பொண்டாட்டி ஃபோன்ல சொல்லியிருந்தா. அதனால வீட்டுக்கு யாரும் வரப்போறதில்லன்னு நெனச்சுகிட்டு நாற்காலியில கண் அசந்துட்டேன். பின்கதவு தொறக்கிற சத்தம் கேட்டுச்சு. ஒதைக்கிற சத்தம் கேக்கல."

மன்றத்தில் சிலர் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. எங்கள் ஊரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. முன்கதவை யாரும் பயன்படுத்துவதும் இல்லை. பின்பக்கம் பூட்ஸ் கழற்றும் சின்ன அறை வழியாகத்தான் எல்லோரும் வருவோம். வரும்போது வாசலில் நின்று பூட்ஸை ஓங்கி இரண்டு உதை உதைப்போம், பனி உதிர்வதற்கு. அதுதான் எங்களுக்குக் கதவு தட்டல். உள்ளே இருப்பவர் அந்தச் சத்தத்தை வைத்தே யார் என்று சொல்லி, காபிக்குத் தண்ணீர் வைத்துவிடுவார். உதைக்காமல் ஒரு வீட்டுக்குள் நுழைகிறவன் நல்ல எண்ணத்தோடு வருகிறவனாக இருக்க முடியாது. அப்படித்தான் நாங்கள் எல்லோருமே நினைப்போம்.

"துப்பாக்கி பையிலதான் இருந்துச்சு," என்றான் வெண்டல். "எடுத்துகிட்டு அடுக்களைய தாண்டிப் போனேன். பின்னறையில ஒரு ஆளு. பெரிய ஆளு. தொப்பி வச்ச கோட்டு. எனக்கு முதுகக் காட்டிகிட்டு, குனிஞ்சு என்னமோ பண்ணிகிட்டிருந்தான். யாருன்னு கேட்டேன்னு உங்ககிட்ட சொல்லணும்னுதான் ஆசையா இருக்கு. கேக்கல, தலைவரம்மா. கேட்டா திரும்புவான். திரும்பினா கையில என்ன வச்சிருக்கானோன்னு பயம். முதுகுக்கு நடுவுல குறி வச்சேன். நிதானமா வச்சேன். கைகூட நடுங்கல."

அவன் உதட்டை நனைத்துக்கொண்டான்.

"வெரல் விசை மேல போயிடுச்சு. எவ்வளவு அழுத்தினா வெடிக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும். முக்காவாசி அழுத்திட்டேன். அப்பதான் அந்தாளு ஜிப்பத் திட்டினான். 'நாசமாப்போற ஜிப்பே, ஒன்னத் தச்சவன் கையில கட்டி வர!'ன்னு."

பின்வரிசையில் நாலைந்து பேர் குபீரென்று சிரித்தார்கள். ஜடப் பொருளோடு இப்படிச் சண்டை போடுகிறவள் ஊரிலேயே ஒருத்திதான். நூலகத்தில் முத்திரை சரியாக விழவில்லை என்றால் அந்த மைப்பெட்டியின் வம்சத்தையே திட்டுவாள். சிரித்தவர்களுக்கு அடுத்த நொடி விஷயம் உறைத்தது. சிரிப்பு பாதியில் நின்றது. சாப்பாட்டு மேசைப் பக்கத்தில் யாரோ கையிலிருந்த கரண்டியைக் கீழே விட்டார்கள்.

பேசுகிறவனிடமிருந்து கண்ணை எடுத்து நான் ஹெஸ்டரைப் பார்த்தேன். அவளுடைய வலது கை மெதுவாகப் பின்னால் போனது. எட்டாத இடத்துக்கு எட்டிப் போய், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் தன் முதுகைத் தொட்டுப் பார்த்தது.

"லைப்ரரி வாசல்ல பனித் தண்ணியில கால விட்டு பூட்ஸ் நெறஞ்சுபோச்சாம்," என்று வெண்டல் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "கோட்டும் நனஞ்சுபோச்சாம். யாரோ விட்டுட்டுப் போன ஆம்பளக் கோட்ட மாட்டிகிட்டு, பனி தள்ளுற வண்டிக்காரன்கூட ஏறி வந்திருக்கா. நான் அன்னைக்குக் காலையில தரையத் தொடச்சிருந்தேன். அது அழுக்காயிடக் கூடாதேன்னு பூட்ஸ வெளியிலயே கழட்டி வச்சுட்டு, வெறும் காலுறையோட மெல்ல நடந்து வந்திருக்கா. நான் தூங்குவேன்னு அவளுக்குத் தெரியும்."

முன்னாலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"அவ திரும்பறதுக்குள்ள நான் பின்வாங்கிட்டேன். நாற்காலியில வந்து கண்ண மூடிகிட்டேன். எழுப்பி, சூப் வேணுமான்னு கேட்டா. வேணும்னேன். குடிச்சேன். அவ மாசக் கணக்கா பெட்டி கேக்கறா, தலைவரம்மா. ஜனவரி வரைக்கும் மாட்டேன்னு சொன்னது பயத்துல. அதுக்கப்பறம் மாட்டேன்னு சொன்னது, சரின்னா ஏன்னு கேப்பாளேங்கறதுக்காக. இத அவகிட்ட சொல்ல எத்தனையோ தடவ வாயத் தொறந்திருக்கேன். அவ மூஞ்சியப் பாத்துச் சொல்ல வரல. உங்களப் பாத்து சொல்லச் சொன்னீங்க. சொல்லிட்டேன்."

இந்த விதியை நான் எத்தனை வருடமாகக் கட்டிக்காத்து வருகிறேன்! யாரும் யாரையும் அடிக்காமல் இருக்க வைத்த ஏற்பாடு என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு மனிதன் தன் வாழ்க்கையிலேயே கஷ்டமான காரியத்தைச் செய்து முடிக்க அது இடம் கொடுக்கும் என்று எனக்குத் தோன்றியதேயில்லை. ஜெயித்த ஆட்டத்தை, ஊர் முன்னால், தன் கையாலேயே கலைத்துப் போட்ட அந்தக் கிழட்டுப் பிடிவாதக்காரனை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹெஸ்டர் எழுந்தாள். பெயரும் சொல்லவில்லை, தெருவும் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. நேராக அவன் பக்கம் திரும்பினாள்.

"வெண்டல்."

சுத்தியல் என் கையில்தான் இருந்தது. தூக்கவில்லை.

"நான் செத்திருந்தா கோரின்கிட்ட நீ என்ன சொல்லியிருப்ப?"

அவனும் அவளைப் பார்த்தான்.

"திருடன்னு நெனச்சு சுட்டுட்டேன்னு சொல்லியிருப்பேன். அழுதிருப்பேன். அவ நம்பியிருப்பா." அவன் கையை மன்றத்தின் பக்கம் அசைத்தான். "இவங்க எல்லாருமே நம்பியிருப்பாங்க. மெர்ல் பொண்டாட்டி துக்க வீடுன்னு மக்ரோனி சமைச்சுக் கொண்டாந்து குடுத்திருப்பா. மெர்ல் என் மாட்டுக்குத் தீனி வச்சிருப்பான். தெல்மா என் தோள்ல கையப் போட்டு, 'ஒன் மேல தப்பில்ல வெண்டல்'னு சொல்லியிருப்பா. யாருன்னு ஒரு வார்த்த ஏன்டா கேக்கலன்னு ஒருத்தரும் என்னக் கேட்டிருக்க மாட்டாங்க, ஹெஸ்டர். ஒருத்தரும்."

பொய் இல்லை. என் தோழியைப் புதைத்துவிட்டு வந்து அந்தத் தோளில்தான் கை போட்டிருப்பேன். அதே வார்த்தைகளைச் சொல்லியிருப்பேன். மெர்லைப் பார்த்தேன். அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ரோவீனாதான் அடுத்து எழுந்தாள். "தலைவரம்மா, என் ஓட்டு மாறல. நான் அவன் மூஞ்சியப் பாத்தேன். யாருன்னு தெரிஞ்சுதான் புடிச்சேன். வெண்டலுக்கு அது தெரியல. ரெண்டும் ஒண்ணில்லன்னு எல்லாருக்கும் புரியணும்." கொஞ்சம் நிறுத்தினாள். "என் வீட்டுல இரும்பு பீரோ இருக்கு. அவருக்கு வேணும்னா அந்தத் துப்பாக்கிய என்கிட்ட குடுத்து வைக்கட்டும். திருப்பிக் கேட்டா குடுப்பேன். எதுக்குன்னு கேட்டுட்டுத்தான் குடுப்பேன்."

"வண்டியிலதான் இருக்கு," என்றான் வெண்டல். "கூட்டம் முடிஞ்சதும் எடுத்துக்கம்மா."

வாக்கெடுப்பு நடக்க வேண்டும், நடத்தினேன். ஆதரிப்பவர்கள் ஜன்னல் பக்கம், எதிர்ப்பவர்கள் அடுப்புப் பக்கம் என்று பிரிந்து நிற்கச் சொன்னேன். நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஹெஸ்டருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சிலர் ரோவீனாவின் பக்கம் போய் நின்றார்கள். மெர்ல் யாருடனும் பேசாமல், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நடந்தான். அவன் பெண்டாட்டி அடுப்புப் பக்கம். எல்லோரும் போய்ச் சேர்ந்த பிறகு பார்த்தால், மன்றத்தின் நடுவில் காலி நாற்காலிகளுக்கு மத்தியில் வெண்டல் மட்டும் உட்கார்ந்திருந்தான், எந்தப் பக்கமும் போகாமல்.

ஹெஸ்டர் ஜன்னலை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தாள். நின்றாள். திரும்பி வந்து அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கையைப் பிடிக்கவில்லை. அவனைப் பார்க்கவுமில்லை.

"ஹெஸ்டர்," என்றேன், "இது உன் தீர்மானம். எந்தப் பக்கம்?"

"எங்க ரெண்டு பேரையும் விட்டுட்டு எண்ணு, தெல்மா."

எண்ணினேன். ஊர் முழுக்க இரண்டு சுவரோரமும் நின்றுகொண்டு, நடுவில் இருந்த அந்த இருவரையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்து அந்த மன்றம் அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. பிரார்த்தனைக் கூட்டத்தில்கூட.

தீர்மானம் ஒருசில வாக்குகளில் தோற்றது. அறிவித்தேன். யாரும் கை தட்டவில்லை.

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. வெண்டல் வண்டிக் கதவைத் திறந்து, குண்டுகளைக் கழற்றி, துப்பாக்கியை ஒரு துணியில் சுற்றி ரோவீனாவிடம் கொடுப்பதைப் படிக்கட்டிலிருந்து பார்த்தேன். ஹெஸ்டர் வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"தோத்துடுச்சே," என்றேன்.

"பாத்தேன்."

"அப்ப கோரின்கிட்டதானா?"

"ஆமா. சொன்னா சொன்னதுதான்."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவனும் வர்றான்," என்றாள். "ஊர் வாயிலிருந்து அவளுக்கு இது போகக் கூடாது. அங்க தலைவரும் கெடையாது, விதியும் கெடையாது. அவ மூஞ்சியப் பாத்து அவனே சொல்லட்டும், ஒரு வார்த்த விடாம. நான் பக்கத்துல உக்காந்திருப்பேன்."

"சொன்னப்பறம்?"

"வீட்டுக்கு வரணும்." சேற்றைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். "நான் விட்டுட்டுப் போகணும்னு நெனச்சேனே, அந்தாள எனக்கு நாப்பது வருஷமாத் தெரியும், தெல்மா. அவன விட்டுட்டுப் போறது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. உள்ள எழுந்து நின்னானே, அவன எனக்குத் தெரியாது. பயமாத்தான் இருக்கு. ஆனா அவன் யாருன்னு தெரிஞ்சுக்காமப் போக மனசு வரல."

அவள் சேற்றில் இறங்கி நடந்தாள். வெண்டல் ஏற்கெனவே ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் அவன் பக்கத்துக் கதவைத் திறந்தாள். அவள் சொன்னது படிக்கட்டுவரைக்கும் கேட்டது.

"நகரு. ஒன் கை நடுங்குது. நான் ஓட்டறேன்."

அவன் நகர்ந்து இடம் விட்டான்.